ஒளியை எதுவும் முந்தாது என்பது எவ்வளவு உறுதி?

தேடல்:
‘ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது’ என்பதைக் கல்வெட்டில் பொறித்ததுபோலச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அணு உலையின் தண்ணீருக்குள் நீல வெளிச்சம் தெரிகிறதே, எலக்ட்ரான்கள் அங்கே ஒளியை முந்துவதால்தான் அது வருகிறது. சோவியத் இயற்பியலாளர் செரென்கோவ் 1934-லேயே இந்த வெளிச்சத்தைக் கண்டார், 1958-ல் நோபல் பரிசும் பெற்றார். அப்புறம், வெகுதொலைவில் உள்ள விண்மீன் திரள்கள் ஒளியைவிட வேகமாக நம்மைவிட்டு விலகுகின்றன. பிறகு எப்படி ‘எதுவும்’ என்று சொல்வது?

அலைநீளம்:
இரண்டும் உண்மைதான். ஆனால் தண்ணீருக்குள் ஒளியே நொடிக்குச் சுமார் 2,25,000 கிலோமீட்டர்தான் போகிறது. எலக்ட்ரான் முந்துவது வேகம் குறைந்த அந்த ஒளியை. வெற்றிடத்தில் ஒளிக்கு இருக்கும் 2,99,792 கிலோமீட்டரை அது தொடவே இல்லை. விண்மீன் திரள்கள் விலகுவது இடையில் உள்ள வெளி விரிவதால். எந்தத் திரளும் தன் பக்கத்தில் போகும் ஒளிக்கதிரை முந்துவதில்லை.

தேடல்:
எந்த உதாரணம் கொடுத்தாலும் ‘அது கணக்கில் வராது’ என்கிறீர்கள். எது கணக்கில் வரும் என்று முதலில் சொல்லிவிடுங்கள், அப்புறம் வாதாடலாம்.

அலைநீளம்:
நியாயமான கேள்வி, நான் அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இங்கே நடந்த ஒன்றின் விளைவு, அதாவது ஒரு செய்தி, இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேரும் வேகம்தான் கணக்கு.

லேசரை நிலாவை நோக்கிப் பிடித்துக் கையைச் சட்டென்று திருப்புங்கள். நிலாவின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, 3,474 கிலோமீட்டர், அந்தப் புள்ளி ஒளியைவிட வேகமாக ஓடிவிடும். ஆனால் முதல் ஓரத்தில் நிற்பவர் அந்தப் புள்ளியிடம் ஒரு சேதியைக் கொடுத்து மறு ஓரத்துக்கு அனுப்ப முடியாது. அங்கே விழும் ஒளி முழுவதும் பூமியிலிருந்து 1.3 நொடி பயணம் செய்து தனியாக வந்தது.

முகில்:
2011-ல் ஐரோப்பாவின் செர்ன் துகள் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்துக்கு அனுப்பிய நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியை முந்தியதாக அந்த ஆய்வுக் குழுவே அறிவித்ததே? 730 கிலோமீட்டர் தூரத்தில் 60 நானோநொடி முன்னதாக வந்தன என்றார்கள்.

அலைநீளம்:
ஆமாம், அப்போது நானும் தூக்கம் வராமல் படித்தேன். ஆனால் பிழை அளவீட்டில் இருந்தது: கடிகார நேரத்தைக் கொண்டுசெல்லும் கண்ணாடி இழைக் கம்பி ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. 2012-ல் அதே இடத்தில் இகாரஸ் குழு அளந்தபோது நியூட்ரினோக்கள் ஒளியின் வேகத்திலேயே வந்தன.

அதற்கு முன்பே ஒரு பெரிய சான்று இருந்தது. 1987-ல் ஒரு சூப்பர்நோவா, அதாவது நட்சத்திர வெடிப்பு, சுமார் 1,68,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து தெரிந்தது. 2011-ல் சொன்ன வேகம் உண்மையென்றால், அதன் நியூட்ரினோக்கள் வெளிச்சத்துக்கு 4 ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும். வந்தது சில மணி நேரம் முன்னதாக. அந்தச் சில மணி நேரமும் நியூட்ரினோக்கள் நட்சத்திரத்தின் மையத்திலிருந்து உடனே கிளம்பியதால் கிடைத்தது. வெடிப்பு மேற்பரப்புக்கு வந்து வெளிச்சம் கிளம்பத் தாமதமாகிவிட்டது.

முகில்:
சரி, குவாண்டம் பின்னல்? ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு துகள்களில் ஒன்றை அளந்தால், எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மற்றது உடனே முடிவாகிறது என்கிறார்களே. 2022-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

அலைநீளம்:
அளந்தால் என்ன விடை வரும் என்பது நம் கையில் இல்லை. இரண்டு பக்கத்து விடைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருத்தம் தெரியும். அப்படிச் சேர்க்க வழக்கமான தொலைபேசியோ கடிதமோ வேண்டும். ஆகவே இதை வைத்துச் செய்தி அனுப்ப முடியாது.

தேடல்:
செய்திதான் கணக்கு என்பதை ஏற்கிறேன். ஆனால் செய்தி ஏன் முந்தக்கூடாது? ‘முந்தினால், சிலர் பார்வையில் பதில் கேள்விக்கு முன்னே வந்துவிடும்’ என்பதுதான் எப்போதும் வரும் காரணம். அது நமக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக இயற்கை அப்படி நடக்காது என்று ஆகிவிடுமா? 1994-ல் அல்குபியேர் என்ற இயற்பியலாளர், விண்கப்பலுக்கு முன்னால் வெளியைச் சுருக்கிப் பின்னால் விரிக்கும் ஒரு வழியை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குள்ளேயே காட்டினார்.

அலைநீளம்:
சங்கடம் நிரூபணம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். அல்குபியேரின் வழிக்கு எதிர்மறை ஆற்றல், அதாவது சுழியத்துக்கும் கீழான ஆற்றல், வேண்டும், அதை அந்த அளவில் யாரும் கண்டதில்லை. என் உறுதி அளவீட்டிலிருந்து வருகிறது. துகள்களை முடுக்கும் செர்னின் பெரிய வளையத்தில் 2010-ல் புரோட்டானுக்கு 3.5 டெரா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) கொடுத்தார்கள். ஒளியைவிட நொடிக்குச் சுமார் 11 மீட்டர் பின்தங்கியது. 2022-ல் ஆற்றலைக் கிட்டத்தட்ட இருமடங்காக்கி 6.8 ஆக்கினார்கள், அப்போதும் நொடிக்குச் சுமார் 3 மீட்டர் பின்தங்கியே இருந்தது. அவ்வளவு ஆற்றலுக்கும் கிடைத்த கூடுதல் வேகம் நொடிக்கு 8 மீட்டர், ஓர் ஆள் ஓடுகிற வேகம்.

தேடல்:
அந்த 8 மீட்டர் கணக்கு எனக்குப் புதிது, அதற்கு நன்றி. தள்ளித் தள்ளி ஒரு பொருளை ஒளிக்கு முன்னே கொண்டுபோக முடியாது என்பதை இப்போது ஏற்கிறேன். வெளியையே வளைப்பது வேறு கேள்வி, அதில் என் நிலை மாறவில்லை. எதிர்மறை ஆற்றலுக்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.