பரு இருந்தால் குற்றவாளி, பட்டியலில் பேர் இருந்தால் செல்லப்பிள்ளையா?

ஷியா_முருகன் | இரவு 9:14

நேற்று ஓர்ட்டிஸ் திரியில், பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டையும் ஊக்கமருந்துச் சந்தேகத்தையும் பற்றிப் பேசும்போது, ஃபென்வே ராஜா ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போனார். "பேஸ்பால் எழுத்தாளர்கள் எல்லாரையும் ஒரே தராசில்தான் நிறுத்தார்கள். பியாசா விஷயத்தில் நெருப்பில்லாமல் புகையவில்லை. அவர் முதுகே சாட்சி." பதில் போடுவதற்குள் திரியைப் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்தத் தனித் திரி.

முதுகே சாட்சியாம்! கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினீர்களா அந்த முதுகிடம்?

கதை தெரியாதவர்களுக்கு: முர்ரே சேஸ் நியூயார்க் டைம்ஸில் பல காலம் பேஸ்பால் எழுதியவர். ஓய்வு பெற்றபின் 2009 இல் தன் சொந்த இணையதளத்தில் எழுதினார். நியூயார்க் மெட்ஸ் அணியில் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) ஆடிய மைக் பியாசாவின் முதுகு முழுக்கப் பருவாக இருந்ததாம், அதை எழுத விரும்பினாராம், டைம்ஸ் ஆசிரியர்கள் விடவில்லையாம். ஸ்டீராய்டு எடுத்தால் முதுகில் பரு வரும், ஆகவே... அவ்வளவுதான் வழக்கு. பியாசா எந்தச் சோதனையிலும் மாட்டியதாக ஒரு செய்தி இல்லை. 2007 டிசம்பரில் பேஸ்பால் ஊக்கமருந்து பற்றி விசாரித்த மிட்செல் அறிக்கை எண்பதுக்கு மேல் வீரர்களின் பேரைப் போட்டது. அதிலும் பியாசா இல்லை.

427 ஹோம் ரன் அடித்தவர். அதில் 396 கேட்சராக இருந்து அடித்தது, இன்றுவரை வேறு கேட்சர் எவரும் தொடாத எண்ணிக்கை. கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போக எழுத்தாளர் சங்கத்தின் ஓட்டில் 75% வேண்டும். இவருக்கு 2013 இல் 57.8, அடுத்த வருடம் 62.2, அப்புறம் 69.9. நாலாவது தடவைதான், 2016 இல், 83% வாங்கி உள்ளே போனார்.

இப்போது உங்கள் பாஸ்டன் ரெட் சாக்ஸின் பெரிய அண்ணன் டேவிட் ஓர்ட்டிஸ். 2003 ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியவர்கள் பட்டியலில் அவர் பேர் இருப்பதாக எழுதியது யார்? அதே நியூயார்க் டைம்ஸ், 2009 ஜூலையில். 2022 இல் முதல் ஓட்டிலேயே 77.9%, உள்ளே. அதே ஓட்டில், ஊக்கமருந்துப் பேச்சில் அடிபட்ட பாரி பாண்ட்ஸுக்கு 66%, ரோஜர் கிளெமென்ஸுக்கு 65.2%. இரண்டு பேருக்கும் அது பத்தாவது, கடைசி வருடம். வெளியே.

இது ஒரே தராசா ராஜா? எந்தக் கடையில் வாங்கியது?

ஃபென்வே_ராஜா | இரவு 9:31

அண்ணன் மெட்ஸ் சட்டையைப் போட்டால் கண் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

2003 சோதனை, பேர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்து எடுத்தது. எத்தனை சதவீதம் பேர் மாட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான். எந்தப் பொருளுக்காக ஓர்ட்டிஸ் பேர் அதில் வந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் குறைந்தது பத்து முடிவுகளிலாவது நியாயமான அறிவியல் சந்தேகம் உண்டு என்று 2016 இல் பேஸ்பால் கமிஷனர் ராப் மான்ஃப்ரெடே சொன்னார். தண்டனையோடு கூடிய சோதனை 2004 இல் வந்தது. அதற்கப்புறம் பன்னிரண்டு பதின்மூன்று சீசன் ஆடியிருக்கிறார், ஒரு தடவை மாட்டினாரா?

சேஸ் விஷயத்தில் பாதியை முழுங்கிவிட்டீர்கள். சோதனை வந்ததும் அந்தப் பரு காணாமல் போனது என்றும் எழுதினார். அதை ஏன் மறைத்தீர்கள்?

ஷியா_முருகன் | இரவு 9:40

மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

2004 சீசன் தொடங்கும்போது பியாசாவுக்கு 35 வயது. உங்களுக்குப் பதினெட்டு வயதில் இருந்த பரு இன்னும் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் எப்போது ஊசியை நிறுத்தினீர்கள்?

பட்டியலில் பேர் வந்தவருக்கு "எந்தப் பொருள் என்று தெரியாது" என்று சலுகை. பரு வந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பருவில் மட்டும் பொருளின் பேரை எழுதி ஒட்டியிருந்ததா?

டெக்ஸஸ்_மாமி | இரவு 9:52

இந்தப் பரு விஷயத்தில் நான் பேசியே ஆகவேண்டும். என் பையன் பள்ளி அணியில் கேட்சர். டாலஸ் வெயிலில் ஜூலை மாதம் இரண்டு மணி நேரம் அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டு வருவான். கழற்றினால் பனியனைப் பிழிந்து வாளியில் விடலாம். முதுகில் பெருக்கல் குறி போட்ட மாதிரி இரண்டு கோடு, அந்தக் கோட்டின் மேலேயே பரு. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, பட்டை உரசுவதாலும் வியர்வையாலும் வருவது என்றார். அவன் சாப்பிடும் ஒரே மருந்து நான் போடும் சுக்குக் கஷாயம்.

ஃபென்வே_ராஜா | இரவு 9:58

மாமி, உங்கள் பையனைச் சொல்லவில்லை. ஆனால் அதன் பெயரே மார்புக் கவசம். மார்பில் இருப்பது முதுகை எப்படி உரசும்?

டெக்ஸஸ்_மாமி | இரவு 10:01

மார்பில் அது எப்படி நிற்கிறது தம்பி, ஃபெவிகால் போட்டா?

ஷியா_முருகன் | இரவு 10:03

மாமிக்கு ஒரு சிக்ஸர். மன்னிக்கவும், ஹோம் ரன்.

ஓரக்கண் | இரவு 10:10

எதை ஆதாரம் என்கிறோம், எதைச் சந்தேகம் என்கிறோம், எதை வெறும் வம்பு என்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொண்டால் நல்லது.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த இரட்டை வேடம் பியாசாவில் ஆரம்பிக்கவில்லை. 1998 ஆகஸ்டில் ஏபி செய்தி நிறுவன நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டீன், மார்க் மெக்வயரின் லாக்கரில், தசை வளர எடுக்கும் ஆண்ட்ரோ பாட்டில் இருந்ததை எழுதினார். அப்போது கடையிலேயே விற்ற பொருள், பேஸ்பாலில் தடையும் இல்லை. ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கால்பந்திலும் தடை இருந்தது. சக எழுத்தாளர்கள் கேட்டது மெக்வயரையா? இல்லை, வில்ஸ்டீனைத்தான். அடுத்தவர் லாக்கரை எட்டிப் பார்ப்பது பண்பா என்று பாய்ந்தார்கள். அந்த சீசனில் மெக்வயர் 70 ஹோம் ரன் அடித்து முடித்தார், எல்லாரும் கவிதை எழுதினார்கள். 2007 இல் அதே மெக்வயர் பேர் ஓட்டுச் சீட்டில் வந்தபோது 23.5%. சேஸ் பார்த்ததும் அதே மாதிரி ஓர் அறையில்தானே? 98 இல் லாக்கரைப் பார்த்தால் அநாகரிகம், 2009 இல் முதுகைப் பார்த்தால் புலனாய்வு.

ஃபென்வே_ராஜா | இரவு 10:15

லாக்கரில் பாட்டில் இருந்தது. பாட்டில் ஒரு பொருள், கையில் எடுத்துப் பார்க்கலாம். அதைச் சரிபார்த்து எழுதினார். அது பத்திரிகைத் தொழில்.

ஷியா_முருகன் | இரவு 10:17

நன்றி. பரு கையில் எடுத்துப் பார்க்கிற பொருள் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ஃபென்வே_ராஜா | இரவு 10:19

அப்படி நான் சொல்லவில்லை. பியாசா ஆண்ட்ரோ எடுத்ததைத் தன் சுயசரிதையிலேயே ஒப்புக்கொண்டார். அதைப் பற்றி மட்டும் அண்ணன் வாயைத் திறப்பதே இல்லை.

ஷியா_முருகன் | இரவு 10:26

கடையில் விற்றபோது எடுத்தார், அதை அவரே சொன்னார். இதில் நான் எதற்கு வாயைத் திறக்கவேண்டும்? சேஸ் ஆண்ட்ரோ என்றா எழுதினார்? பரு என்று எழுதினார். நாம் பருவைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்னொன்று. ஜெஃப் பேக்வெல், 449 ஹோம் ரன். அவரும் சோதனையில் மாட்டியதில்லை, மிட்செல் அறிக்கையிலும் இல்லை. 2011 இல் 41.7%. ஏழாவது தடவை, 2017 இல்தான் உள்ளே விட்டார்கள். அவருடைய குற்றம் என்ன? கை தடித்தது. இவருக்குக் கை, அவருக்கு முதுகு. இந்த எழுத்தாளர்கள் பேஸ்பால் பார்த்தார்களா, மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்த்தார்களா?

அதே 2017 இல் டெக்ஸஸ் கேட்சர் பட்ஜ் ராட்ரிகஸ் முதல் தடவையே 76% வாங்கிப் போனார். நானே ஊசி போட்டுவிட்டேன் என்று பழைய அணித்தோழர் ஹோசே கான்செகோ புத்தகத்திலேயே பேர் சொல்லி எழுதிய ஆள். 2003 பட்டியலில் இருந்தீர்களா என்று கேட்டதற்கு "கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார். பேர் சொல்லி ஒரு சாட்சி இருந்தும் அவர் முதல் தடவை உள்ளே. வெறும் பரு என்றால் நாலு தடவை.

டெக்ஸஸ்_மாமி | இரவு 10:31

முருகன், உங்கள் பக்கம் பேசிக்கொண்டிருந்தேன். பட்ஜைத் தொட்டால் கோபம் வரும். கான்செகோ சொன்னதெல்லாம் வேதமா? ஃபீல்டிங்குக்குத் தரும் கோல்டு கிளவ் விருது பதிமூன்று. அதையும் ஊசியில் போட முடியுமா?

ஷியா_முருகன் | இரவு 10:33

மாமி, நான் பட்ஜைக் குறை சொல்லவில்லை. எழுத்தாளர்களைச் சொல்கிறேன்.

டெக்ஸஸ்_மாமி | இரவு 10:34

பட்ஜ் பேரைச் சொல்லித்தானே சொல்கிறீர்கள். ராஜா பியாசாவுக்குச் செய்ததை நீங்கள் பட்ஜுக்குச் செய்கிறீர்கள்.

பழைய_பெஞ்ச் | இரவு 10:48

வணக்கம். சேஸ் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. அந்தத் தளத்திலேயே அவர், இது பத்திரிகைப் பத்தி எழுதும் இடம், வலைப்பதிவு இல்லை, எனக்கு வலைப்பதிவே பிடிக்காது என்று போட்டிருந்தார். ஆசிரியர் இல்லாமல், தன் வீட்டிலிருந்து, ஒருவர் முதுகுத் தோலை வைத்து எழுதுகிறவர் சொல்வது இது.

அதே 2009 ஜூன். ராவுல் இபானியெஸ், 37 வயது, பிலடெல்பியாவுக்கு வந்த முதல் வருடம். ஜூன் நடுவில் காயம் ஆவதற்குள் 22 ஹோம் ரன். ஒரு சின்ன வலைப்பதிவர் மைதானத்தின் அளவு, எதிரணிப் பந்து வீச்சு எல்லாவற்றையும் அலசிவிட்டு, இந்தக் காலத்தில் ஊக்கமருந்துச் சந்தேகமும் வரத்தான் செய்யும் என்று எழுதினார். பிலடெல்பியா பத்திரிகையில் அதை எடுத்துப் போட்டார்கள், இபானியெஸ் கொதித்தார், டிவியில் இரண்டு பெரிய எழுத்தாளர்கள் உட்கார்ந்து அந்தப் பதிவருக்குப் பொறுப்புணர்ச்சி பாடம் எடுத்தார்கள். சம்பளம் வாங்கி ஊகித்தால் கருத்து. சும்மா ஊகித்தால் அவதூறு.

ஃபென்வே_ராஜா | இரவு 10:53

அந்தப் பதிவர் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போனாரா? சேஸ் போனார். பார்த்தார். வித்தியாசம் அதுதான்.

ஷியா_முருகன் | இரவு 10:55

பார்த்தார், பார்த்தார், பார்த்தார்! பார்த்தது பரு. எழுதியது ஸ்டீராய்டு. நடுவில் இருக்கிற தூரத்தை எந்தப் பஸ்ஸில் போனார்?

பழைய_பெஞ்ச் | இரவு 11:07

முருகன் நன்றாகப் பேசுகிறார். பழைய திரிகளைக் கிண்டிக்கொண்டிருந்தேன். 2010 ஆகஸ்ட், டொராண்டோவின் ஹோசே பௌடிஸ்டா பற்றிய திரி. அதில் ஷியா_முருகன் எழுதியது, எழுத்து மாறாமல்:

"வாழ்நாளில் ஒரு சீசனுக்கு 16க்கு மேல் அடிக்காத ஆள் திடீரென்று இப்படிப் பொளக்கிறான். கழுத்தைப் பாருங்கள். எதை முழுங்குகிறான் என்று கேட்டால் தப்பா?"

அவர் அந்த வருடம் 54 ஹோம் ரன் அடித்தார். பேட்டிங் முறையை மாற்றியதுதான் காரணம் என்று பயிற்சியாளர்கள் விளக்கினார்கள். கழுத்து அப்படியேதான் இருந்தது.

ஃபென்வே_ராஜா | இரவு 11:08

அடடா. அடடா. அடடா.

இவருக்குக் கழுத்து, அவருக்கு முதுகு. மாட்டுச் சந்தை எங்கே அண்ணே?

ஷியா_முருகன் | இரவு 11:19

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதியதைத் தோண்டி எடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது, வாழ்த்துகள்.

அது கேள்வி. குற்றச்சாட்டு இல்லை. "கேட்டால் தப்பா" என்று கேள்விக்குறியோடுதான் இருக்கிறது, கண்ணாடி போட்டுப் பாருங்கள். எனக்கு ஓட்டும் கிடையாது. நான் கேட்டதால் எவன் வாய்ப்பும் போகவில்லை. தவிர, கழுத்து எல்லாரும் டிவியில் பார்க்கிறது. முதுகு அப்படியில்லை.

ஓரக்கண் | இரவு 11:23

டொராண்டோ பத்திரிகையில் பத்தி எழுதும் ஒருவரும் அப்போது இதையேதான் சொன்னார், கேள்விதானே கேட்டேன் என்று.

ஷியா_முருகன் | இரவு 11:24

அவர் சம்பளத்துக்குக் கேட்டார். நான் சும்மா கேட்டேன்.

பழைய_பெஞ்ச் | இரவு 11:25

சும்மா ஊகித்தால் அவதூறு என்று இப்போதுதானே எழுதினேன். அதற்கு லைக் போட்டது நீங்கள்தான்.

சொற்காவலர் | இரவு 11:30

விவாதத்துக்குள் வரவில்லை. "பியாசா" தவறு. இத்தாலிய மொழியில் சதுக்கத்துக்கு "பியாட்சா" என்பார்கள். குடும்பப் பேரும் அதுதான்.

ஷியா_முருகன் | இரவு 11:32

இருபது வருடம் ஷியா மைதானத்தில் கத்தியவன் நான். வர்ணனையாளர், டிக்கெட் கிழிக்கிறவர், ஹாட் டாக் விற்கிறவர் எல்லாரும் பியாசா என்றுதான் சொன்னார்கள். அவருடைய அப்பா வீட்டுக்குப் போய்த் திருத்துங்கள்.

சொற்காவலர் | இரவு 11:34

பெரும்பான்மை சொல்வதால் சரியாகிவிடாது. "ஓர்ட்டிஸ்" என்பதும் "ஓர்தீஸ்" என்றுதான் இருக்கவேண்டும்.

ஃபென்வே_ராஜா | இரவு 11:35

யாராவது இவரைப் பட்டியலில் போடுங்கள்.

டெக்ஸஸ்_மாமி | இரவு 11:41

பையன் தூங்கிவிட்டான். பையிலிருந்து கவசத்தை எடுத்துப் போட்டோ போட்டிருக்கிறேன். நன்றாகப் பாருங்கள் ராஜா. தோளில் இரண்டு பட்டை, முதுகில் குறுக்கே போய்ப் பின்னால் கொக்கி. அந்தக் கொக்கி இருக்கிற இடம்தான் அவனுக்கு ரொம்பப் புண்.

ஃபென்வே_ராஜா | இரவு 11:44

இது இப்போதைய மாடல் மாமி. பியாசா ஆடியது தொண்ணூறுகளில். அப்போது பட்டை இப்படியா இருந்தது?

ஷியா_முருகன் | இரவு 11:46

அப்போது பட்டை இன்னும் மோசம்.

ஃபென்வே_ராஜா | இரவு 11:47

எங்கே பார்த்தீர்கள், டிரெஸ்ஸிங் ரூமிலா?

ஷியா_முருகன் | இரவு 11:58

2016 இல் பியாசா உள்ளே போனால் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொன்னது யார் என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆறு வருடம் ஆகிறது. பேச்சு மட்டும் பெரிசு. நாளைக்கு என் பழைய ஆல்பத்தைத் தேடி எடுத்து, 98 சீசன் போட்டோ, முதுகுப் பக்கம், பட்டையோடு போடுகிறேன். அப்போது பார்ப்போம்.

ஃபென்வே_ராஜா | நள்ளிரவு 12:03

போடுங்கள். பரு தெரிகிற மாதிரி பெரிசாகப் போடுங்கள்.