அப்பாவுக்கு எந்த ஆட்டோ சிபேப்? ரெண்டு மெஷின் போட்டுப் பார்த்தும் குழப்பம் தீரல

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயசு 61. ஸ்லீப் ஸ்டடியில ஏஎச்ஐ 34 வந்துச்சு. மணிக்கு 34 தடவை மூச்சு நிக்குது, இல்லன்னா குறையுது. 30 தாண்டினாலே தீவிரம்னு சொல்லி டாக்டர் ஆட்டோ சிபேப் எழுதிக் கொடுத்தார். தூங்கும்போது தொண்டை அடைக்காம மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்புற மெஷின், பிரஷரைத் தேவைக்கேத்த மாதிரி தானே கூட்டிக் குறைச்சுக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனி மெஷினை ஒவ்வொரு வாரம் போட்டுப் பார்த்தோம். பேர் வேண்டாம், முதல் மெஷின், ரெண்டாம் மெஷின்னு வெச்சுக்கலாம்.

முதல் மெஷின்ல சராசரி ஏஎச்ஐ 3.8. ஆனா படுத்த உடனே "காத்தே வரல, மூச்சு முட்டுது"ன்னு தினமும் புலம்பல். ரெண்டாம் மெஷின்ல ஏஎச்ஐ 9.6. அதுதான் சுகமா இருக்காம். விடியக்காலை மூணு மணிக்கு மட்டும் வாய் காய்ஞ்சு எந்திரிச்சு உக்காந்துடுறார். ரெண்டுலயும் காத்து பிரஷர் 4லேர்ந்து 20 வரைக்கும்னு வெச்சிருந்தாங்க. நம்பரைப் பார்த்தா முதலாவது, அப்பாவைக் கேட்டா ரெண்டாவது. எதை வாங்கலாம்?

குழாய்மாமா:
பதினொரு வருஷமா மூக்குல குழாயோடதான் எனக்குத் தூக்கம், அந்த அனுபவத்துல சொல்றேன்மா. ரெண்டு கம்பெனி மெஷின் காட்டுற ஏஎச்ஐயைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்காதே. ஸ்லீப் ஸ்டடியில ரத்த ஆக்ஸிஜன், மூளை அலை எல்லாம் பார்த்து எண்ணுவாங்க. மெஷினுக்குத் தெரியுறது காத்தோட்டம் மட்டும்தான். மூச்சு எவ்வளவு குறைஞ்சா கணக்குல சேர்க்கணும்கிறதுல ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவுகோல்.

ஆனாலும் 3.8க்கும் 9.6க்கும் இருக்குற இடைவெளி அளவுகோலால மட்டும் வராது. வேற ஏதோ மாறியிருக்கு. ரெண்டு வாரமும் ஒரே மாஸ்க்தானா? அந்த 9.6ல அடைப்பு எவ்வளவு, கிளியர் ஏர்வே (தொண்டை அடைக்காமலே மூச்சு நிக்கிறது) எவ்வளவு?

அரைத்தூக்கம்:
மாமா, மாட்டிக்கிட்டேன். மாஸ்க் மாத்தினோம். முதல் வாரம் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுறது. மூக்குத்தண்டு சிவந்து புண்ணாயிடுச்சு. அதனால ரெண்டாவது வாரம் மூக்கு ஓட்டையில மட்டும் உக்காருற பில்லோ மாஸ்க். இதை எழுத மறந்துட்டேன்.

ரெண்டாம் மெஷினோட மெமரி கார்டை எடுத்து, அதுல பதிவானதைக் காட்டுற ஆஸ்கர் மென்பொருள்ல போட்டுப் பார்த்தேன். கிளியர் ஏர்வே 1.2தான். மிச்சமெல்லாம் அடைப்பும், மூச்சு குறையுற ஹைபாப்னியாவும். மூணு மணிக்கிட்ட லீக் (காத்து ஒழுகுற அளவு) கோடு மலை மாதிரி ஏறுது.

திருகாணி:
நான் இந்த மெஷின்களை செட் பண்ணிக் கொடுக்குற டெக்னீஷியன். மாமா சரியான இடத்துலதான் கை வெச்சார். தூக்கத்துல வாய் திறந்தா, மூக்கு வழியா போற காத்து வாய் வழியா வெளியே ஓடிடும். தொண்டையைத் திறந்து பிடிக்க வேண்டிய பிரஷர் அங்க நிக்காது. வாய் காயுறதும் அதனாலதான். மெஷினும் பாவம், ஓட்டத்தைப் பார்த்துதான் கூட்டலாமா குறைக்கலாமான்னு முடிவெடுக்குது. லீக் பெருசானா அதுக்குக் கண்ணு கட்டின மாதிரி.

லீக் நம்பரையும் ரெண்டு மெஷினுக்கு நடுவுல ஒப்பிடாதீங்க. ரெஸ்மெட் கம்பெனி மெஷின், மாஸ்க் துவாரம் வழியா போகவேண்டிய காத்தைக் கழிச்சுட்டு மீதியைக் காட்டும், நிமிஷத்துக்கு 24 லிட்டர் அதோட வரம்பு. பிலிப்ஸ் மெஷின் ரெண்டையும் சேர்த்து மொத்தமா காட்டும். தெரியாதவங்க அதைப் பார்த்துட்டு பதறுவாங்க.

கிளியர் ஏர்வே 1.2ங்கிறது நல்ல சேதி. தொண்டை திறந்திருக்கு, ஆனா மூச்சு விடச் சொல்லி மூளை உத்தரவு வரல, அதுதான் கிளியர் ஏர்வே. பிரஷரைக் கூட்டினா அது சரியாகாது. அது அதிகமா இருந்தாலோ, இதயம் பலவீனமா இருந்தாலோ ஆட்டோவே பொருந்துமான்னு டாக்டர்கிட்ட மறுபடி கேக்கணும்.

ஒரு கேள்வி. ராம்ப், அதாவது ஆரம்பத்துல பிரஷரைக் கம்மியா வெச்சிருக்குற நேரம், எத்தனை நிமிஷம் வெச்சிருந்தாங்க? அப்புறம் ரிப்போர்ட்ல மீடியன் பிரஷர் (பாதி நேரம் இதுக்குள்ள இருந்த அளவு), 95 சதவீத பிரஷர் (95 சதவீத நேரம் இதுக்குள்ள இருந்த அளவு) என்ன?

அரைத்தூக்கம்:
முதல் மெஷின்ல ராம்ப் 45 நிமிஷம். ரெண்டாவதுல ராம்ப் இல்லை. முதல் மெஷின்ல மீடியன் 8.4, 95 சதவீதம் 11.2.

திருகாணி:
பாருங்க, அப்பா புலம்பினதுக்குக் காரணம் கிடைச்சாச்சு. முக்கால் மணி நேரம் 4லயே விட்டிருக்காங்க. பெரிய ஆளுக்கு 4ங்கிறது ஸ்ட்ரா வழியா மூச்சு இழுக்குற மாதிரி. ராத்திரி பாதி நேரம் 8.4க்கு மேல தேவைப்படுறவருக்கு அடியில 4 எதுக்கு? 4–20 பெட்டியோட வர்ற செட்டிங். குறைந்தபட்சத்தை 7 ஆக்கலாமான்னு உங்க டாக்டரைக் கேளுங்க. மூச்சு வெளியே விடும்போது பிரஷர் குறையுற வசதியை 3ல வெச்சா, சில மெஷின்ல 7லேர்ந்து 4க்கு இறங்கும். அதனால அதையும் சேர்த்தே கேளுங்க.

பழசுவாங்கி:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். செகண்ட் ஹேண்ட் கிடைச்சா வாங்கலாமே?

குழாய்மாமா:
வாங்கலாம், ஆனா சீரியல் நம்பர் பார்க்காம தொடாதே தம்பி. 2021 ஜூன்ல பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் முதல் தலைமுறை மெஷினையெல்லாம் திரும்ப அழைச்சாங்க. சத்தம் அடக்க உள்ளே வெச்ச ஃபோம் பொடிஞ்சு காத்தோட கலக்கலாம்னுதான். ஓசோன் விட்டுச் சுத்தம் பண்ணினா அது இன்னும் சீக்கிரம் கெடும்னும் சொன்னாங்க. பழசுல யாரு என்ன பண்ணாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?

அரைத்தூக்கம், மாஸ்க்குக்கு வர்றேன். மூக்குத்தண்டைத் தொடாம மூக்குக்கு அடியில உக்கார்ந்து வாயையும் மூடுற மாடல் இருக்கு. அதை எடுங்க. அப்பாவுக்கு பல்செட் உண்டா?

அரைத்தூக்கம்:
உண்டு மாமா. ராத்திரி கழட்டி டம்ளர்ல போட்டுடுவார். ஏன்?

குழாய்மாமா:
கடையில அளவெடுக்கும்போது பல்செட்டோட உக்காந்திருப்பார். வீட்ல அதைக் கழட்டிட்டு படுப்பார். கன்னம் உள்ளே போயிடும், உதட்டோரம் இடைவெளி விழும். மெஷினை ஓடவிட்டு, படுக்கவெச்சு, பல்செட் இல்லாம வாரை இழுத்து மாட்டிப் பாரு. அதிகமா இறுக்காதே, இறுக்கினாலும் மடங்கி ஒழுகும்.

அரைத்தூக்கம் (பத்து நாள் கழிச்சு):
டாக்டர் 7–14 போட்டார், ராம்பை எடுத்துட்டார். புது மாஸ்க்கை மாமா சொன்ன மாதிரியே படுக்கவெச்சு மாட்டினோம். இடது உதட்டோரம் புஸ்ஸுன்னு காத்து வந்துச்சு. ஒரு சைஸ் சின்ன குஷன் போட்டதும் நின்னுடுச்சு. அதே மாஸ்க்கோட ஒவ்வொரு மெஷினும் நாலு ராத்திரி. முதலாவது 3.1, ரெண்டாவது 3.6. மூணு மணி எழுச்சி இல்லை. அப்பாவைக் கேட்டா இப்போ ரெண்டும் ஒண்ணுதான்ங்கிறார்! ரெண்டாவதுக்கு குஷன், ஃபில்டர் எல்லாம் சீக்கிரம் கிடைக்குது, சத்தமும் கம்மி. அதையே எடுத்துட்டோம்.

ஒரு கடைசி சந்தேகம். காத்தை ஈரமாக்குற ஹ்யூமிடிஃபயர்ல கொதிக்கவெச்ச தண்ணி ஊத்தலாமா?

குழாய்மாமா:
கொதிக்கவெச்சா கிருமிதான் போகும், உப்பு போகாது. அடியில வெள்ளையா படியும். டிஸ்டில்ட் வாட்டர் ஊத்து. காலையில மிச்சத்தைக் கொட்டிட்டு தொட்டியைக் கவிழ்த்து வெச்சுடு, ராத்திரி புதுசா ஊத்திக்கலாம்.