எடி: சுழியா, ஒதுங்குநீரா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மார்ச்சில் பன்னிரண்டு பேர் ரிஷிகேஷுக்கு மேலே கௌடியாலாவிலிருந்து கங்கையில் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகுப் பயணம்) போகிறோம். வழியில் ‘தி வால்’ என்ற நான்காம் தரப் பாய்ச்சல், அதாவது ஆறு சீறிப் பாயும் கடினமான பகுதி, இருக்கிறது. ஆங்கிலம் அறியாதவர்களும் வருவதால் பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதத் தொடங்கினேன். ‘எடி’ (eddy) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி நின்றுவிட்டேன்.

எடி என்பது இதுதான்: ஓட்டம் பெரிய பாறையில் மோதிப் பிரியும்போது பாறைக்குப் பின்னே நீர்மட்டம் தாழ்கிறது. அதை நிரப்பப் பக்கத்து நீர் திரும்பி வருகிறது. ஆறு முழுக்கக் கீழே ஓட, அந்த ஒரு துண்டு மட்டும் மேல்நோக்கி ஏறும். படகை நிறுத்தி மூச்சு வாங்குவதும், தண்ணீரில் விழுந்தவரைக் கயாக் என்ற சிறு படகில் வருபவர் கொண்டுவந்து சேர்ப்பதும் அங்கேதான்.

அகராதியை நம்பி ‘சுழி’ என்றே எழுதி, எங்கள் குழுவிலுள்ள ஓர் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். ‘படகிலிருந்து விழுந்தால் அருகிலுள்ள சுழிக்குள் நீந்திச் செல்லவும்’ என்ற வரி வந்ததும் தாளின்மேல் கையை வைத்துவிட்டார். “சுழிக்குள்ளா? தாமிரபரணிக் கரையில் பிறந்தவளிடம் இதைச் சொல்லலாமா தம்பி?”

அவர் கேட்டது நியாயம். சுழி என்றால் ஆளை விழுங்கும் இடம் என்று நம் உடம்பே அறிந்து வைத்திருக்கிறது. புகலிடத்துக்கு அந்தப் பெயரை வைத்தால், விழுந்தவர் ஒரு கணம் தயங்குவார். அந்த ஒரு கணத்தில் ஓட்டம் அவரைக் கொண்டு போய்விடும். ‘எதிரோட்டம்’ என்றாலும் அதே அச்சம்தான்.

என் பரிந்துரை ‘ஒதுங்குநீர்’. மழைக்கு ஒதுங்குகிறோமே, அந்த ஒதுங்கல். வினைத்தொகை என்பதால் ஒதுங்கிய நீர், ஒதுங்க உதவும் நீர் என இரு பொருளும் பொருந்தும். இரைச்சலுக்கு நடுவே “ஒதுங்கு!” என்று ஒற்றைச் சொல்லில் கட்டளையும் இடலாம். ஒதுங்குநீருக்கும் ஓட்டத்துக்கும் இடையிலுள்ள எல்லை ‘ஒதுங்குகோடு’. சுழி என்பதை, பாறைமேல் வழிந்து விழும் நீர் மடங்கிப் படகைப் பிடித்துவைக்கும் இடத்துக்கு ‘மடக்குச்சுழி’ என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே அச்சம் தேவை.

‘உடல் கரை ஒதுங்கியது’ என்று நாளிதழ்களில் வருவதை ஒரு நண்பர் நினைவூட்டினார். எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்களை உங்களில் யாராவது அறிவீர்களா? பாறை மறைவில் பரிசலை நிறுத்தும் நீருக்கு அவர்களிடம் ஒரு சொல் இருந்தால், என்னுடையதை அடித்துவிட்டு அதையே எழுதுகிறேன். பிப்ரவரி இறுதிக்குள் குறிப்புகளை அச்சிட வேண்டும்.