கரடியின் பழைய பெயர் எங்கே போனது?

நண்பர்களே, ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் (ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ், ஐஸ்லாந்திக் முதலியவை) மொழியியல் தெரிந்தவர்கள் உதவ வேண்டும். கரடி ஆங்கிலத்திலும் டச்சிலும் ஜெர்மனிலும் ஏறத்தாழ 'பேர்'; ஸ்வீடிஷிலும் ஐஸ்லாந்திக்கிலும் 'பியோர்ன்'. கிரேக்கத்தில் 'ஆர்க்டோஸ்', லத்தீனில் 'உர்சுஸ்', சமஸ்கிருதத்தில் 'ருக்ஷ' என வாழும் மூலச்சொல் ஜெர்மானிய மொழிகளில் மறைந்துவிட்டது. பெயரைச் சொன்னால் விலங்கு வந்துவிடும் என்று அஞ்சி, 'பழுப்பன்' என்று சுற்றிவளைத்து அழைத்தார்கள் என்பதே பலரும் தரும் விளக்கம். ரஷ்ய மொழியின் 'மெத்வேத்', அதாவது தேன் தின்னி, இதற்கு அழகான துணை.

ஆனால் மொழியியலாளர் டான் ரிங்கே, 'பேர்' என்ற சொல்லுக்கு மூலமாக 'காட்டு விலங்கு' என்ற பொருளுடைய வேர்ச்சொல்லைக் காட்டுகிறார். இரண்டு நாட்களாக இதே நினைவு. அந்த வேரின் தொடக்க ஒலி ஜெர்மானியத்தில் 'ப' (b) ஆனதற்கு வேறு சொற்கள் சான்றாக உண்டா? ஒன்றிரண்டு எடுத்துக்காட்டுகளாவது தாருங்கள்.