சோழவரத்தில் பார்த்த கார், ரேஸ் கார் செய்த இங்கிலாந்தின் கூப்பர் குடும்பம்: உங்கள் அனுபவம் என்ன?

வியாசர்பாடி வாசி:
சென்னைக்கு வடக்கே சோழவரம் விமான ஓடுதளத்தில் அப்போது நடந்த கார் ரேஸைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கம், கூட்டம் கலைகிற நேரம். யாரோ சொந்தமாகச் செய்த சின்னஞ்சிறு கார், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் புல்லட் எஞ்சின். லேத் பட்டறை வைத்திருந்த என் அப்பா அதன் பின்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். பின் அச்சுக்குப் போகும் செயினை இரண்டு விரலால் தூக்கித் தொய்வு பார்த்தார். நின்றிருந்த மெக்கானிக், "இது கூப்பர் காட்டிய வழி, ஐயா. அவர்களும் அப்பாவும் பிள்ளையும்தான்" என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "நம்மாலும் ஆகும்டா" என்றார்.

பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அவர் காலமான பிறகுதான் நான் தேடிப் படித்தேன். 1946இல் லண்டனை ஒட்டிய சர்பிட்டனில் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் ஃபியட் டோப்போலினோ என்ற இரண்டு சின்ன இத்தாலியக் கார்களின் முன்பாகங்களை இணைத்து, 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பின்னால் பொருத்தினார்கள். செயின் போட அதுதான் வசதி. அந்தப் பட்டறையின் கார்தான் 1959இலும் 1960இலும் பந்தய ஓட்டுநர் ஜாக் பிராபமுக்கு ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வாங்கித் தந்தது. அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்ட முடியாமல் போனது இன்னும் மனதை அறுக்கிறது. லேத் தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே கிடக்கிறது.

ராயபுரத்துக்காரன்:
நானும் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்தவன்தான். ஒரு கார் சுழன்று வந்து மோதியபோது முகமெல்லாம் வைக்கோல் தூசி. ஆனால் பின் எஞ்சினைக் கூப்பர் காட்டிய வழி என்பதை ஏற்க மாட்டேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஆட்டோ யூனியன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ரேஸ் கார் பின் எஞ்சினோடு வென்றிருக்கிறது.

எண்ணூர் பெரியவர்:
வியாசர்பாடித் தம்பி, சோழவரத்துக்கு நான் போனது நண்பன் ஸ்கூட்டரில், அதுவும் மதியத்துக்கு மேல். அதை விடுங்கள். லேத்தைத் தார்ப்பாய்க்கு அடியில் வைக்காதீர்கள். நம் பக்கம் உப்புக் காற்று, உள்ளே ஈரம் தங்கி லேத்தின் அடித்தளமான படுகையை அரித்துவிடும். துருவை மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் படுகையின் மட்டம் கெட்டுவிடும். பிறகு கெட்டியாக எண்ணெய் பூசுங்கள். வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கைக் கழற்றித் தனியாக வையுங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு விலை சொன்னால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வேலை தெரிந்த பையன் ஒருவனை வாரம் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள், ஓடாத இயந்திரம் சீக்கிரம் இறுகிப்போகும்.

வியாசர்பாடி வாசி:
நன்றி, ஐயா. ராயபுரத்தாருக்கு: ஆட்டோ யூனியனுக்குப் பின்னால் ஜெர்மன் அரசின் பணம் இருந்தது. போருக்குப் பின் கிராண்ட் பிரீ என்ற பெரிய பந்தயங்களில் அநேகமாக எல்லோரும் எஞ்சினை முன்னால்தானே வைத்தார்கள்? 1958இல் அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் பந்தய ஓட்டுநர் ஸ்டெர்லிங் மோஸ் வென்றது பின் எஞ்சின் கூப்பர் காரில். முன் எஞ்சின் ஃபெராரிகள் அதற்குப் பின்னால் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தன.