எனாமல் காய்ஞ்சா கரையுமா, கரையாதா? க்ளோ எஞ்சின் மொடலுக்குப் பெயின்ற் விசயம்

கொட்டியாரக்கடல்:
நேற்று ஒருத்தர் எழுதியிருந்தார், மீன்பிடிப் போட்டுக்கு அடிக்கிற எனாமலை ஒரு கிழமை வெயில்ல காயவிட்டா எந்த எஞ்சின் மொடலுக்கும், அதாவது சின்ன எஞ்சின் பூட்டி ஓட்டுற விளையாட்டுப் போட்டுக்கும் பிளேனுக்கும், போதுமாம். வாசிக்கப் பத்திக்கொண்டு வந்துது. புதுசா வாற பொடியள் இதை நம்பி, மாசக்கணக்கா அரத்தாள் போட்டுத் தேய்ச்ச ஹல்லை, போட்டின்ர உடம்பை, பாழாக்கப் போறாங்கள். க்ளோ எஞ்சின் எண்டா சூடாகிச் சிவக்கிற கம்பியால எரிபொருளைப் பத்தவைக்கிற எஞ்சின். அந்த எரிபொருள்ல மெதனோலும் நைட்ரோமீதேனும் (நைட்ரோ எண்டு சொல்லுறது) இருக்கு. எனாமல் காய்ஞ்சாலும் கரையும். ஹார்ட்னர் கலந்து அடிக்கிற 2கே பொலியூரித்தேன் கிளியர் அடிக்கோணும், இல்லாட்டி எபொக்சி.

டச்சுக்குடா_அண்ணை:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லி எழுதப் பயமோ? என்ர மொடல் போட் வருசக்கணக்கா எனாமலோட ஓடுது. வந்து தொட்டுப் பாரும். ஒழுங்காக் காய்ஞ்ச எனாமல் கரையாது.

கொட்டியாரக்கடல்:
காய்ஞ்சாலும் கரையும். சைலன்சரால வாற எண்ணெயை மட்டும் பாத்திட்டுக் கதைக்காதேங்கோ. எரியாத எரிபொருள் சிந்துற இடம்தான் முதல்ல பிசுபிசுக்கும், டேங்க் வாயடியும் காபரேட்டருக்குக் கீழயும். எனாமல் அடிச்ச பலகைத் துண்டு ஒண்டில, 20 வீத நைட்ரோ எரிபொருள்ல நனைச்ச துணியைப் போட்டு வையுங்கோ. பிறகு நகத்தால சுரண்டுங்கோ.

நிலாவெளிப்பொடியன்:
அண்ணைமார், டச்சுக்குடா அண்ணைட்ட இருக்கிறது டீசல் மொடல் எஞ்சின் எல்லோ? அதுக்கு ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய். எனாமல் அதைத் தாங்கும். நைட்ரோவுக்குத் தாங்காது. ரெண்டு பேரும் வேற வேற எரிபொருளைப் பற்றிக் கதைக்கிறியள்.

டச்சுக்குடா_அண்ணை:
தம்பி, நீர் பிறக்க முதல் நான் போட் பெயின்ற் அடிச்சவன். எரிபொருள் எண்டா எரிபொருள்தான். காய்ஞ்சா கரையாது.

கொட்டியாரக்கடல்:
தம்பி, நீ குறுக்க வராத. அவர் "எந்த எஞ்சினுக்கும்" எண்டுதான் எழுதினவர், டீசல் எண்டு எழுதேல்லை. காய்ஞ்சாலும் கரையும்.

உப்புவெளிப்_பறவை:
பிளேன் கட்டுற எங்களையும் கொஞ்சம் நினையுங்கோ. டோப் எண்டா இறக்கைத் துணியை இறுக்கப் பூசுற பூச்சு. அதில நைட்ரேட் டோப் நல்லா ஒட்டும், ஆனா மெதனோல் பட்டாக் கரையும். அதுக்கு மேல பியூட்ரேட் டோப் அடிச்சா நைட்ரோ குறைஞ்ச எரிபொருளுக்குத் தாக்குப் பிடிக்கும். 2கே அடிச்சு ஏன் பாரத்தைக் கூட்டுறியள்?

கொட்டியாரக்கடல்:
அக்கா, கார்த்திகை மழைக்க திருகோணமலையில டோப் அடிச்சுப் பாத்தனியளோ? காத்தில ஈரம் ஏற, பூசினதெல்லாம் வெள்ளையாப் பூக்கும். 2கேக்கும் ஈரம் ஆகாதுதான், எண்டாலும் காயிற நாள் பாத்து அடிச்சா இறுகி நிக்கும். அடிச்ச அண்டைக்கே எரிபொருள் ஊத்தாமல் ஒரு கிழமை விடோணும்.

உப்புவெளிப்_பறவை:
பங்குனி, சித்திரையில அடிக்கிறம். கார்த்திகையில ஆர் அடிக்கச் சொன்னது? அதோட உங்கட 2கே ஹார்ட்னர்ல ஐசோசயனேற்று இருக்கு. துணி மாஸ்க் கட்டிக்கொண்டு வீட்டு விறாந்தையில நிண்டு அடிக்கிறதை நான் கண்ணால கண்டனான். நெஞ்சைப் பழுதாக்கும் அது. பொடியளுக்குப் புத்தி சொல்ல முதல் அதைச் சொல்லுங்கோ.

கொட்டியாரக்கடல்:
என்ர விறாந்தை, என்ர நெஞ்சு. நான் கேட்டது எனாமலைப் பற்றி.

டச்சுக்குடா_அண்ணை:
பாத்தியளே, பதில் இல்லாட்டிப் பாய்வார். போன வருசம் என்ர ஸ்பிரே கன்னை வாங்கிக்கொண்டு போய் 2கே அடிச்சிட்டுக் கழுவாமல் தந்தவர். உள்ளுக்க எல்லாம் இறுகிப்போச்சு. இவர்தான் பெயின்ற் படிப்பிக்கிறார்.

கொட்டியாரக்கடல்:
கழுவித்தான் தந்தனான். நோசில் முதலே அடைச்சிருந்தது. கதையை மாத்தாதேங்கோ. எனாமல் காய்ஞ்சாலும் கரையும், கரையும், கரையும்.

நிலாவெளிப்பொடியன்:
ஒரே பலகைத் துண்டில ரெண்டு எரிபொருளையும் வைச்சுப் பாத்தா முடிஞ்சுது. ஞாயிறு பின்னேரம் உள்துறைமுகக் கரைக்கு நான் கொண்டு வாறன்.

டச்சுக்குடா_அண்ணை:
நான் வரமாட்டன். பாக்க என்ன இருக்கு? கரையாது. அவரை முதல்ல நோசிலுக்குக் காசைக் கொண்டுவரச் சொல்லும்.

கொட்டியாரக்கடல்:
ஒரு சதம் தரமாட்டன்.