மைசென் வாள் குறி: அதை வைத்தே பீங்கான் பொம்மையின் வயதைச் சொல்லலாமா?

சென்நதிக்கரை:
பாரிஸ் சாந்த்-உவான் பழம்பொருள் சந்தையில ஒரு பீங்கான் பொம்மை பார்த்தனான். பூக்கூடையோட நிக்கிற தோட்டக்காரச் சிறுமி, ஒரு சாண் உயரம் வராது. கடைக்காரர் 1400 யூரோ கேக்கிறார். "மைசென், கேண்ட்லர், 1750" எண்டு சீட்டு ஒட்டியிருக்கு, மைசென் எண்ட ஜெர்மன் பீங்கான் ஆலையில சிற்பி கேண்ட்லர் செய்ததாம். அடியில நீலத்தில குறுக்கு வாள் ரெண்டு, பிடி நுனியில சின்னக் குமிழ். வாளுக்குக் குறுக்கால ரெண்டு கீறல். பக்கத்தில எழுத்தும் இலக்கமும் கீறிக் கிடக்கு. அடிப்பக்கம் குழிவு, உள்ளுக்கும் பளபளப்பு. வாங்கலாமோ?

தஞ்சைமணி:
குறியே தேதி சொல்லிடுதே! மைசென் 1722 வாக்குல வாள் குறி போட ஆரம்பிச்சது. 1763-லேருந்து பிடிகளுக்கு நடுவுல ஒரு புள்ளி. 1774-லேருந்து 1814 வரைக்கும், ஆலையை நடத்தின மார்கோலினி காலத்துல, நட்சத்திரம். பிடி நுனிக் குமிழ் 1850-க்கு அப்புறம் வந்து 1924 வரை ஓடிச்சு. கேண்ட்லர் 1775-லேயே காலமாயிட்டார். அப்ப சீட்டுல இருக்கற 1750 எப்படிப் பொருந்தும்?

எல்பேக்கரை:
மணி சார், முடிவு சரி, போன வழிதான் தப்பு. நீலக் கோடு இரண்டை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். அதே பாரிஸில் எத்மே சாம்சோன் 1845-ல் தொடங்கிய பட்டறை, மைசென், பிரான்ஸின் செவ்ர், இங்கிலாந்தின் செல்சி என்று எல்லா ஆலைச் சரக்குக்கும் நகல் செய்தது. மைசென் நகல்களில் வாளைப் போலவே தோன்றும் குறி. இங்கே டிரெஸ்டனில் ஹெலேனா வொல்ஃப்சோன், மைசெனின் பழைய குறியான, மன்னர் அகுஸ்டுஸின் 'ஏ.ஆர்.' முடிச்செழுத்தையே போட்டார். மைசென் வழக்குப் போட்டுத்தான் நிறுத்தியது. கிரீடமும் 'என்' எழுத்தும் பார்த்ததும் நேப்பிள்ஸின் கப்போதிமோந்தே ஆலை என்கிறார்கள். அந்த ஆலை 1759-லேயே மத்ரீதுக்குப் போய்விட்டது. அந்தக் குறி பிறகு வந்த நேப்பிள்ஸ் அரச ஆலையுடையது, பின்னாளில் ஜெர்மன் ஆலைகள்கூட அதைப் போட்டன.

அதனால் குறியைக் கடைசியில் பாருங்கள், முதலில் அடியைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி மைசென் பொம்மையில் அடி பெரும்பாலும் தட்டையாக, மெருகு பூசாமல் சொரசொரவென்று இருக்கும். குறி பொடியாகப் பின்விளிம்பில் இருப்பதும் உண்டு. குழிந்து மெருகேறிய அடி 19-ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அடுத்து, பூவிதழ் உடைந்த இடம். மைசென் கெட்டிப் பீங்கான். உடைந்த விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி வழவழவென்று தெரியும். பழைய செல்சி மென்பீங்கான், அது சர்க்கரைக் கட்டி மாதிரி பொரபொரவென்று இருக்கும். சாம்சோனின் செல்சி நகல்கள் கெட்டிப் பீங்கான் என்பதால் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும், எந்தக் குறி இருந்தாலும்.

தஞ்சைமணி:
நீங்க டிரெஸ்டன்ல இருக்கீங்க, நினைச்சப்ப ஸ்விங்கர் அருங்காட்சியகத்துக்குப் போய் அசலைப் பார்க்கலாம். மத்தவங்க என்ன பண்றது? புதுசா வாங்கறவங்க கையில இருக்கறது போனும் ஒரு குறிப் பட்டியலும்தான். கண் பழகணும்னு சொல்றதெல்லாம் வியாபாரிக்குத்தான் வசதி. அவரும் அதையேதான் சொல்வார், "பார்த்தாலே தெரியலையா"ன்னு. குறியை வெச்சா எதிர்த்துப் பேச முடியும். கீறின எண்ணும் குறி மாதிரிதானே?

எல்பேக்கரை:
அந்த எண் எந்த மாதிரி வடிவத்தைப் பார்த்துச் செய்தது என்பதைச் சொல்லும், எப்போது வார்த்தது என்று சொல்லாது. கேண்ட்லர் உருவாக்கிய மாதிரிகளை மைசென் இன்றைக்கும் செய்து விற்கிறது. சீட்டில் நடந்திருக்கும் குழப்பமே அதுதான்: மாதிரி கேண்ட்லருடையது, பொம்மை அவர் காலத்தது அல்ல. ஒன்றில் உங்கள் பக்கம் வருகிறேன், அந்தக் கீறல்கள். தரம் குறைவு என்று கழித்த சரக்கிலும், வண்ணம் தீட்டாமல் வெள்ளையாக விற்றதிலும் ஆலையே வாள்மேல் கீறிவிடும். வண்ணம் வெளியில் தீட்டியதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

மீனலோசனி:
விலையைப் பத்தி யாரும் பேசலையே. 19-ஆம் நூற்றாண்டு மைசென் சின்னப் பொம்மை, கீறலும் இருந்தால், ஏலத்தில் சில நூறு யூரோதான். பெரிய பணம் ஆரம்ப காலத்துக்கு மட்டும். 2021-ல் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் ஓப்பன்ஹைமரின் ஆரம்பகால மைசென் தொகுப்பு சுமார் 1.5 கோடி டாலருக்குப் போனது. பாதிக்கு மேல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் எடுத்தது. அந்த விலையைக் காட்டி இதை விற்கக் கூடாது.

தம்பி, விரல்களைப் புற ஊதா டார்ச்சில் பாருங்க. ஒட்டிப் பூசின இடம் வேற நிறத்தில் ஒளிரும். விரல் புதுசா வெச்சதுன்னா விலை இன்னும் இறங்கும். பிரான்ஸில் 1981 ஆணைப்படி கேட்டால் வயதும் மூலமும் எழுதின ரசீது தரணும். 'எப்போக்' (அந்தக் காலத்தது) 18-ஆம் நூற்றாண்டுன்னு எழுதினா அது உத்தரவாதம். 'ஸ்டில்' (அந்தப் பாணி)னு எழுதினா இல்லை.

சென்நதிக்கரை:
நன்றி அக்கா. சனிக்கிழமை டார்ச்சோட போறன், 'எப்போக்' எண்டு எழுதித் தருவாரோ எண்டும் கேக்கிறன்.

தஞ்சைமணி:
கேளுங்க. அவர் எழுதிக் கொடுத்தாலும் அந்தக் குமிழைக் காட்டி விளக்கம் கேளுங்க. இந்தப் பொம்மைக்கு அது ஒண்ணே போதும்னுதான் நான் இப்பவும் சொல்றேன்.

எல்பேக்கரை:
அடி 1750 மாதிரி இருந்து குமிழ் மட்டும் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள், சார்?